சைகை தெரியாமல் கிரேன் அசையாது

பெரிய கொட்டகையில் அவளை எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றார்கள். அவளும் மறுத்துச் சொல்லவில்லை. கொட்டகையின் கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போடப்பட்ட தண்டவாளத்தில் கிரேன் ஓடியது. அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை தொங்கியது. உள்ளே ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லிவர், காலால் அழுத்த ஒரு மணி. உலையிலிருந்து உருகிய இரும்பை ஆளுயர வாளியில் தூக்கிக்கொண்டு போய், மணல் அச்சுகளின் மேல் சொட்டுச் சிந்தாமல் நிறுத்துவது அவள் வேலை. அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

அங்கே ஏறுவதற்கு முன் அவள் மணல் பிரிவில் இருந்தாள். வார்க்கிற சாமானுக்கு நடுவே ஓட்டை வேண்டுமென்றால், அந்த ஓட்டையின் உருவத்தில் ஒரு மணல் கட்டியைச் செய்து அச்சுக்குள் வைக்க வேண்டும். அந்தக் கட்டிகளைப் பிடித்து, சுட்டு, விளிம்பு தேய்த்து அனுப்புவது மணல் பிரிவு. அங்கே எல்லோரும் பெண்கள். ஏன் என்று கேட்டால், பெண்கள் கை பதமானது என்று பதில் வரும். பதமான கைக்கு மேலே போக மட்டும் வழி கிடையாது. சேர்ந்த அன்றைக்கு எந்த மேஜையோ ஓய்வு பெறும் அன்றைக்கும் அதே மேஜைதான். அடுத்த கொட்டகையில் ஆண்கள் எடுபிடியாகச் சேர்ந்து, உலை, கிரேன், மேற்பார்வை என்று படிப்படியாக ஏறிப் போனார்கள். மணல் பிரிவுப் பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே விளிம்பு தேய்த்தார்கள்.

கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு ஆள் கேட்டு ஒருநாள் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆண்கள் மட்டும் என்று அதில் இல்லை. அப்படி எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. சாப்பாட்டு இடைவேளையில் அவள் அதை நின்று படித்தாள். கை கழுவிக்கொண்டு நேரே ஃபோர்மேன் அறைக்குப் போனாள்.

ஃபோர்மேன் கெட்ட மனிதர் இல்லை. பெண்களிடம் குரல் உயர்த்த மாட்டார். வீட்டு விசேஷம் என்றால் முகம் சுளிக்காமல் லீவு கொடுப்பார். அவள் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, அது எவ்வளவு உயரம் தெரியுமா? ஏணி ஏறணும்."

"எங்க வீட்டுத் தண்ணித் தொட்டியக் கழுவ நான்தான் சார் ஏறுறேன். அவருக்குத் தலை சுத்தும்."

ஃபோர்மேன் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "கீழே கொதிக்கிற இரும்பு. மேலே சூடும் புகையும். உன் பாதுகாப்புக்காகத்தாம்மா சொல்றேன்" என்றார்.

"இப்ப ஓட்டுறவங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா சார்?"

ஃபோர்மேன் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீஸில் மறுத்துவிடுவார்கள், வீண் வாக்குவாதம் எதற்கு என்று அவளை அங்கே அனுப்பிவைத்தார். அங்கேதான் அவர் கணக்குத் தப்பியது. பணியாளர் அதிகாரியாகப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். எல்லோருக்கும் அவர் ஆபீஸ் மேடம். ஒவ்வொரு பிரிவிலும் பெண்கள் இருந்தாக வேண்டும் என்று தலைமை அலுவலகம் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாராவது ஒருத்தி வரமாட்டாளா என்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இவள் போய் நின்றாள்.

மேடம் ஒளிவுமறைவாகப் பேசுகிற ஆள் இல்லை. "உண்மையைச் சொல்லிடறேன். எண்ணிக்கை காட்டணும்னு மேலே இருந்து கேக்கறாங்க. அதனாலதான் இந்தக் கதவு இப்ப திறந்திருக்கு."

"எதுக்குத் திறந்தா என்ன மேடம், திறந்திருக்கில்ல" என்றாள் அவள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கிண்டல் செய்தார். நான் தரையில் ஓட்டுகிறேன், நீ ஆகாயத்தில் ஓட்டப் போகிறாயா, ஹாரன் அடித்தால் காக்காய் ஒதுங்குமா என்றெல்லாம் கேட்டார். கிண்டல் தீர்ந்தபின் முகம் மாறியது. அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒருத்தியாகவா என்று மட்டும் கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் விடவில்லை. உங்கள் பஸ்ஸில் தினமும் எத்தனை பெண்கள் எத்தனை ஆண்களுக்கு நடுவே நின்றுகொண்டு வருகிறார்கள், அவர்களை இறங்கி வீட்டுக்குப் போகச் சொல்வீர்களா என்று கேட்டாள். இரண்டு நாள் அவர் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில், ஷிப்ட் மாறினால் மகளைப் பள்ளியில் விடுவது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வியே சம்மதம் என்று அவளுக்குப் புரிந்தது. "நீங்கதான்" என்றாள்.

பயிற்சியின் முதல் தடை காலணி. ஸ்டோரில் இருந்த இரும்பு முனை வைத்த காலணிகள் எல்லாம் ஆண்கள் அளவு. ஸ்டோர்காரர் சாவகாசமாக, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். அவள் அந்தக் காலணியில் பாதத்தை விட்டு, அவர் முன்னாலேயே நாற்காலிமேல் ஏறிக் காட்டினாள். ஒரு காலணி நாற்காலிமேல் வந்தது; மற்றது தரையிலேயே நின்றுவிட்டது. ஏணியில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் அளவுக் காலணி வந்து சேரும்வரை ஏணிப்பக்கம் போகவே இல்லை. ஆள் பின்வாங்கிவிட்டாள் என்று கொட்டகையில் பேச்சு கிளம்பியது. காலணி வந்த அன்றே ஏறினாள், பேச்சு இறங்கிவிட்டது.

பயிற்சி என்பது பெரும்பாலும் தண்ணீர். விளிம்புவரை நிரப்பிய வாளியைக் கொக்கியில் மாட்டி, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். முதல் நாட்களில் அவள் கொட்டகைத் தரையைக் கழுவிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். மற்ற பயிற்சியாளர்களும் கழுவினார்கள். ஆனால் சிரிப்பு அவள் முறைக்கு மட்டும் பலமாக இருந்தது. மெல்ல மெல்ல ஒன்று பிடிபட்டது. ஆடுகிற சுமையை எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்த முடியாது. அது போகிற பக்கமே கிரேனும் கொஞ்சம் போய், சுமைக்கு நேர்மேலே வந்ததும் நின்றுவிட வேண்டும். அப்போது சுமையும் அடங்கிவிடும். வீட்டில் இதைச் சொன்னபோது, "இத்தனை வருஷமா என்கிட்ட இதைத்தானே பண்ணிட்டிருக்கே" என்றார் கணவர்.

பயிற்சி முடிந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது. கிரேன் ஓட்டுகிறவருக்கு மேலே இருந்து எல்லாம் தெரியாது. சுமைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, சங்கிலி சரியாக விழுந்ததா என்று கீழே ஒருவர் நின்று கையால் சொல்ல வேண்டும். தூக்கு, இறக்கு, இடப்பக்கம், வலப்பக்கம், நிறுத்து. எல்லாவற்றுக்கும் கை சைகை. அந்த வேலையில் இருந்தவரைக் கொட்டகை முழுவதும் சித்தப்பா என்று அழைத்தது. நரைத்த மீசை, கனத்த உடம்பு. அதே நாற்காலியில் வருஷக்கணக்காக இருந்தவர். ஏதோ காரணத்தால் தானே கேட்டு இறங்கி, சைகைக்காரராக ஆகியிருந்தார். தன் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தது அவருக்கு ஒரு துளியும் பிடிக்கவில்லை.

அவர் ஒன்றும் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சைகை காட்டினார். இடுப்புக்குக் கீழே இரண்டு விரலை அசைத்துவிட்டு, காட்டியாயிற்று என்று நிற்பார். ஒருநாள் ஒரு பெரிய அச்சுப் பெட்டி கொக்கியில் தொங்க, சித்தப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கையைப் பின்னால் ஆட்டினார். அது தூக்கா இறக்கா என்று எவராலும் சொல்ல முடியாது. அவள் இரண்டு கைகளையும் லிவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டி தொங்கியது. வேலை நின்றது. அச்சுக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உலைக்காரர் கையை விரித்தார். அவள் மணியும் அடிக்கவில்லை, எட்டியும் பார்க்கவில்லை; சும்மா உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஃபோர்மேன் மூச்சிரைக்க ஓடிவந்து ஏணியில் பாதிதூரம் ஏறி, என்ன கோளாறு என்று கத்தினார்.

அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "கோளாறு ஒண்ணும் இல்ல சார். சைகை தெரியல. தெரியாம அசைக்கக் கூடாதுன்னு நீங்கதான் பாடம் எடுத்தீங்க."

விதிப்படி அவள் சொன்னதில் ஒரு நூல் பிசகில்லை. ஃபோர்மேன் கீழே இறங்கிச் சித்தப்பாவிடம் ஏதோ சொன்னார். சித்தப்பா திரும்பி நின்றார். கையை நன்றாகத் தூக்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல் ஒவ்வொரு சைகையாகக் காட்டினார். கோபத்தோடுதான் காட்டினார். ஆனால் தெளிவாக இருந்தது. அவளுக்குக் கோபம் பற்றிக் கவலையில்லை, தெளிவு போதும்.

அதற்குப் பின் பல மாதம் ஒழுங்காகவே போனது, ஒரு விஷயத்தைத் தவிர. பெண்களுக்கான கழிப்பறை மணல் பிரிவில் இருந்தது. ஏணி இறங்கி, இரண்டு கொட்டகையைத் தாண்டிப் போய்த் திரும்பிவர நேரம் பிடிக்கும். இரும்பு ஊற்றும் நேரத்தில் கிரேனை விட்டு நகரவே முடியாது. அவள் மற்ற பெண்கள் எத்தனையோ இடங்களில் செய்வதையே செய்தாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கூரைக்குக் கீழே சூடு அடைத்துக்கொண்டு நிற்கும், நாக்கு வறண்டுபோகும், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு ஓட்டினாள். சீக்கிரமே அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் வந்தன. டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, தண்ணீர் குடிக்காத வேலை என்று உலகத்தில் எதுவும் இல்லை, போய்க் கேள் என்று கடிந்துகொண்டார்.

மாதம் ஒருமுறை பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். வழக்கமாகத் தலைக்கவசம், கையுறை, ஈரத்தரை என்று பேசிவிட்டு டீ குடித்துக் கலைவார்கள். அன்றைக்கு அவள் எழுந்து நின்று, கிரேன் ஏணிக்குப் பக்கத்தில் கழிப்பறை வேண்டும் என்றாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். ஃபோர்மேன் தொண்டையைச் செருமி, இதைத் தனியாக ஆபீஸ் மேடத்திடம் சொல்லியிருக்கலாமே என்றார்.

"பாதுகாப்புக் கூட்டம்னுதானே சார் சொன்னீங்க? நான் தண்ணி குடிக்காம மயங்கி விழுந்தா லிவர் மேலதான் விழுவேன். கொக்கியில இருக்கறது தண்ணி வாளி இல்ல."

கொக்கியில் இருக்கிற இரும்புக் குழம்பு யார் தலைக்கு மேலே போகிறது என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்போது பின்வரிசையிலிருந்து சித்தப்பா எழுந்தார். எதிர்த்துப் பேசப் போகிறார் என்று அவள் தன்னைத் தயார்செய்துகொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஃபோர்மேனைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்குச் சர்க்கரை வந்து, அடிக்கடி இறங்க வேண்டியிருந்தது. வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல. கால் வலின்னு சொல்லி நாற்காலிய விட்டேன். அன்னிக்கே ஏணிக்கிட்ட ஒண்ணு கட்டியிருந்தா இன்னிக்கும் நான் மேலதான் இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தன் நாற்காலியை யாரும் பறிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது. ஏணிப் பக்கத்தில் இரண்டு கழிப்பறைகள் கட்டினார்கள், பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. கிரேன் ஓட்டுகிறவர் இறங்கும்போது மாற்று ஆள் ஏற வேண்டும் என்று ஒரு ஏற்பாடும் வந்தது. அந்த ஏற்பாட்டால் அதிகம் பயனடைந்தவர்கள் ஆண்கள்தான். அதை அவர்கள் நன்றியோடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும், உபயோகிக்காமல் இல்லை.

சித்தப்பாவும் அவளும் அதன்பின் நண்பர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் டீ வரும்போது அவளுக்கு ஒரு டம்ளரை மூடிவைத்து எடுத்து வைப்பார். அவள் இறங்கிவந்து குடிப்பாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வருஷங்கள் போயின. மணல் பிரிவிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். ஒருத்தி உலைக்குப் போனாள். இப்போது அவள் கண் காட்டினால்தான் உலைக்காரர்களுக்கு வேலை ஓடும். இன்னொருத்தி கிரேன் ஏறி, தலை சுற்றி, ஒரே வாரத்தில் இறங்கிவிட்டாள். பெண்களுக்கு இது சரிப்படாது என்று ஓரிருவர் முணுமுணுத்தபோது மாடியக்கா அவர்களைக் கூப்பிட்டு, தலை சுற்றி இறங்கிய ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும் முன்பே அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அவளும் படி ஏறினாள். எல்லாக் கிரேன்களுக்கும், அவற்றில் வேலை செய்பவர்களுக்கும் அவள்தான் இப்போது பொறுப்பு. ஆனாலும் தினமும் ஒரு பாதி ஷிப்டாவது மேலே உட்காராவிட்டால் அவளுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

சித்தப்பா ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. அவர் இடத்துக்கு ஆள் வேண்டும். ஆபீஸ் மேடம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். அடர்ந்த தாடி; அதனால் பேக்கிங் பிரிவில் அவனுக்குத் தாடி என்றே பெயர். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மற்றவர்களிடம் சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுவான். சைகைக்காரர் வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தான்.

மாடியக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அது முடியாது மேடம் என்றாள். சங்கு ஊதினால் கேட்காது, பின்னால் யாராவது கத்தினால் கேட்காது, அந்த இடம் விளையாட்டு இல்லை.

"அவர் பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்" என்று முடித்தாள்.

சொன்ன வார்த்தை காதில் விழுந்தபோது எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்ததை உடனே திரும்ப எடுக்க மனம் வரவில்லை. தாடி அவள் உதட்டைப் படித்திருக்க வேண்டும். நிதானமாகப் போனில் ஏதோ எழுதி அவளிடம் நீட்டினான். 'உங்கள் கொட்டகையில் யாருக்குக் காது கேட்கிறது?'

திமிரைப் பார் என்றுதான் முதலில் நினைத்தாள். வேகமாகத் திரும்பி வந்து ஏணி ஏறினாள். காதில் அடைப்பான்களைச் செருகிக்கொண்டு கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கீழே உலை திறந்திருந்தது. ஃபோர்மேன் ஓர் ஆளிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அந்த ஆள் கையைக் காதருகே குவித்துக்கொண்டு தலையை ஆட்டினான். அவனுக்கும் கேட்கவில்லை. இந்த நாற்காலிக்கு வந்ததிலிருந்து கீழே இருக்கிற யாருடைய குரலையும் வைத்து அவள் ஒரு சுமையைக்கூட நகர்த்தியதில்லை. சித்தப்பா இத்தனை வருஷமும் அவளுக்கு வெறும் இரண்டு கைகளாகவும் ஒரு மீசையாகவும்தான் இருந்தார்.

ஷிப்ட் முடிந்ததும் இறங்கி, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். நான் முடியாதென்று சொல்லிவிட்டேன், ஃபோர்மேன் அன்றைக்கு எனக்குச் சொன்ன அதே வார்த்தை என்றும் சொன்னாள்.

சித்தப்பா டீயை உறிஞ்சினார். "கையும் கண்ணும் நல்லா இருந்தா போதும். என் கண்ணும் இப்ப மங்கல்தான். ஆனா சங்கு? கொக்கி பின்பக்கமா வந்தா?"

"அது நெஜமான பிரச்சினைதான். அதை மட்டும்தான் தீர்க்கணும். மத்ததெல்லாம் என் பயம்."

மறுநாள் அவள் மேடத்திடம் போய், தான் சொன்னது தவறு என்று சுற்றிவளைக்காமல் சொன்னாள். எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு தூணிலும் சிவப்பு விளக்கு பொருத்தினார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் விளக்கும் சுழலும். கிரேன் நகர்ந்தால் அதன் அடியில் ஒரு நீல வெளிச்சம் தரையில் முன்னே முன்னே ஓடும்படி செய்தார்கள். தாடியை அழைத்துவந்து காட்டியபோது அவன் ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்த்து, ஒரு தூணின் விளக்கை மணல் குவியல் மறைக்கிறது என்று சுட்டிக்காட்டினான். அதையும் மாற்றினார்கள். காதில் அடைப்பான் வைத்திருந்த மற்றவர்களுக்கும் விளக்கு உதவியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்கள் விஷயம் விளக்குபோல் சுலபமாக முடியவில்லை. அச்சுக்காரர்களில் ஒருவர், வாய் கொஞ்சம் நீளம், அவன் காட்டுகிற கையை நம்பி சுமைக்கு அருகே நிற்க மாட்டேன் என்றார். காது கேட்காததை வைத்து அவனுக்குச் சூட்டியிருந்த கேலிப்பெயரையும் சேர்த்துச் சொன்னார். மாடியக்கா அந்தப் பெயரை இனி இந்தக் கொட்டகையில் யாரும் சொல்லக் கூடாது என்றாள். நம்பிக்கை விஷயத்தில் அவரை வற்புறுத்தவில்லை. காலிப் பெட்டிகளை மட்டும் வைத்து சில வாரம் ஓட்டுவோம், நீங்கள் தள்ளி நின்று பாருங்கள், குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்றாள்.

குறை ஒன்று கிடைக்கவும் செய்தது. தாடிக்குக் கை என்பது பேசும் கை. வேலையின் நடுவே யாரையாவது பார்த்து அவன் வழக்கமான மொழியில் ஏதாவது சொல்லிவிடுவான். ஒருதடவை எடுபிடி ஒருவனிடம், முடிந்துவிட்டதா என்று கையால் கேட்டான். மேலே இருந்து பார்த்தபோது அது இறக்கு என்பதுபோல் இருந்தது. மாடியக்கா சுமையை இறக்க ஆரம்பித்து, சந்தேகம் வந்து நிறுத்தினாள். காலிப் பெட்டி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இருவரும் வெகுநேரம் எதிரெதிரே உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டார்கள். வழியை அவன்தான் கண்டுபிடித்தான். சைகை காட்டும்போது ஆரஞ்சு நிறக் கையுறை போட்டுக்கொள்வது. கையுறை இருந்தால் அது கிரேனுக்கு. வெறுங்கை என்றால் அது பேச்சு, கிரேன் கண்டுகொள்ள வேண்டாம். அன்றுமுதல் அந்தக் கொட்டகையில் சைகை காட்டுகிற எல்லோருக்கும் அதுவே விதியாயிற்று.

நீளவாய் அச்சுக்காரர் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கொஞ்சம் கிட்டே வந்து நின்று பார்த்தார். உருகிய இரும்பு ஊற்றிய முதல் நாளன்று எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். தாடி யார் உயிரையும் காப்பாற்றிக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் வந்தான், வேலையைச் சரியாகச் செய்தான், மாலையில் வீட்டுக்குப் போனான். அதற்குத்தான் சம்பளம் என்று மாடியக்கா மற்றவர்களிடம் சொன்னாள். தன்னைக் கிரேன் முன்னால் நிறுத்தி ஆபீஸ்காரர்கள் போட்டோ எடுக்க வந்தபோதும் ஒருமுறை இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

சித்தப்பா விடைபெற்ற நாளில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. தாடி அவரைக் கிரேனில் ஏறும்படி மேலே கை காட்டினான். கண்ணும் காலும் ஒத்துழைக்காத மனிதர், இரண்டு பேர் முன்னும் பின்னும் வர, நின்று நின்று ஏணி ஏறினார். கிரேனின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மாடியக்கா எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார், லிவர்களைத் தொட்டுப் பார்த்தார், கீழே பார்த்தார். கீழே தாடி ஆரஞ்சுக் கையுறையோடு, தூக்கு, இறக்கு, இடம், வலம் என்று எல்லாச் சைகைகளையும் பெரிதாகக் காட்டினான். சித்தப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசிச் சைகைவரை பார்த்தார்.

"நான் உனக்குக் காட்டினதவிட நல்லா காட்டுறான்மா" என்றார்.

"நீங்க முதுகைக் காட்டினீங்க சித்தப்பா."

அவர் மீசைக்குள் சிரித்தார். இறங்கும்போது மட்டும் இரண்டு பேர் போதவில்லை. மூன்றாவதாக ஃபோர்மேனும் வந்து தாங்க வேண்டியிருந்தது.

தாடி வந்ததால் கொட்டகையில் ஏற்பட்ட மாற்றம் எந்த மேலதிகாரியும் திட்டமிட்டதல்ல. அவனிடம் பேச வேண்டும் என்று முதலில் டீ, சாப்பாடு, நாளை, லீவு என்று நான்கைந்து சொற்களைக் கையால் கற்றுக்கொண்டார்கள். பிறகு அவன் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைத்தான். ஃபோர்மேனுக்குக் கண்ணாடி துடைப்பது. உலைக்காரிக்கு முகத்துக்கு நேரே விசிறிக்கொள்வது. மாடியக்காவுக்கு ஒரு விரலால் மேலே காட்டி, உள்ளங்கையைத் தட்டையாக விரிப்பது. பெயர் கிடைத்ததும் பேச்சு தானாக வளர்ந்தது. உலை எவ்வளவு இரைந்தாலும் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கதை பேசலாம் என்று கண்டுகொண்டபின் யாரும் விடுவதாக இல்லை. நேற்றைய ஆட்டம், வீட்டுக்கு வந்த விருந்தாளி, ஃபோர்மேனின் புதுச் சட்டை என எல்லாம் கைவழியாகவே ஓடின. நீளவாய் அச்சுக்காரர்தான் எல்லோரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டார். அவருக்குக் கையும் நீளமாகிவிட்டது என்று உலைக்காரி சொன்னாள்.

ஒன்றை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. கூரைக்குக் கீழே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கொட்டகை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். முன்பு அவளுக்கு வாயசைவு மட்டும் தெரிந்தது. இப்போது யார் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது ஒரு சொல் விடாமல் தெரிந்தது.

ஒருநாள் முற்பகல், அச்சு ஆறக் காத்திருந்த நேரம். நீளவாய்க்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு எதிர்ப்பக்கத்து ஆளிடம் கையால் பேசினார். மேலே விரலைக் காட்டி, உள்ளங்கையை விரித்து, இன்றைக்கு முகம் வீங்கியிருக்கிறது, வீட்டில் டிரைவரோடு சண்டைபோல என்றார். எதிரே இருந்தவர், பாவம் டிரைவர் என்று கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

மேலே காலால் மணியை அழுத்தினாள் மாடியக்கா. கொட்டகை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. அவள் கண்ணாடிக்கு அருகே வந்து நின்று, இரண்டு வெறுங்கைகளையும் தூக்கி, எல்லோரும் படிக்கும்படி நிதானமாகச் சொன்னாள். சண்டை இல்லை. பல் வலி.

முதலில் சிரித்தவன் தாடி. பிறகு உலைக்காரி, பிறகு மற்றவர்கள். மேலே எந்தச் சத்தமும் எட்டவில்லை. கீழே வரிசையாகத் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. நீளவாய்க்காரர் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார். அச்சு ஆறியதும் தாடி ஆரஞ்சுக் கையுறையை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தை ஒருதரம் அழுத்திக்கொண்டு, லிவரைப் பிடித்தாள்.